குறுக்குக்கல்

மலையடியில் தேவாரம் ஊர்க் கிட்டங்கியில் விடிகிறதுக்கு முன்னால் பொதியை ஏற்றினால், வெயில் உச்சிக்கு வரும்போது மலை மேல் கணவாயான மெட்டைத் தொட்டுவிடலாம். மெட்டுக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். மலை முழுக்க ஏலத்தோட்டம். தோட்டத்து ஆட்கள் தின்கிற அரிசி, உப்பு, கருவாடு, விளக்குக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் எல்லாம் கீழேயிருந்து தலைச்சுமையாகத்தான் போயாக வேண்டும். ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கழுதையும் அந்தப் பாதையில் ஏறும். ஆனால் கழுதைக்குத் தீனி போட வேண்டும் என்பார் கங்காணி கோட்டைச்சாமி. பொம்பளைக்கு அந்தச் செலவு இல்லை.

தலைப்பொதியைச் சுமப்பது ஒரு கஷ்டம் என்றால் இறக்குவது இன்னொரு கஷ்டம். சும்மாட்டின் மேல் ஒரு மூட்டை அரிசி உட்கார்ந்துவிட்டால் சுமக்கிறவள் தானாக அதை இறக்க முடியாது. எதிரே ஒரு ஆள் நின்று கை கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மூட்டை கிழியும், அல்லது கழுத்து ஒடியும். இறக்கியதைத் திரும்ப ஏற்றவும் ஆள் வேண்டும். அதற்கென்று பாதி மலையில், பாதை வளைகிற இடத்தில், கோட்டைச்சாமி இரண்டு ஆட்களை நிறுத்தியிருந்தார். அவர்கள் பாதி நாள் நிற்பார்கள், பாதி நாள் தேன் எடுக்கப் போய்விடுவார்கள்.

சுருளியம்மாள் செத்த அன்று அவர்கள் இல்லை.

அவளுக்கு அப்போது ஏழு மாசம். வயிறு தெரிய ஆரம்பித்ததும் கங்காணி இரக்கப்பட்டு அரிசியை மாற்றி மண்ணெண்ணெய் டின்களை அடுக்கிக் கொடுத்திருந்தார். எடை கொஞ்சம் கம்மிதான். ஆனால் அரிசி தலையில் அசையாமல் கிடக்கும். எண்ணெய் உள்ளேயே அலையடித்துக்கொண்டு வரும். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு அதைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். வளைவுக்குக் கொஞ்சம் கீழே அவள் பாறையோரம் சாய்ந்தாள். டின் உருண்டு பள்ளத்துக்குள் போகிற சத்தம் கேட்டுத்தான் முன்னால் போன அக்காள் பஞ்சம்மாள் திரும்பினாள். தங்கச்சியின் கால் வழியாக ரத்தம் இறங்கிப் பாதை மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது.

பஞ்சம்மாள் தலையில் முழு மூட்டை. அதோடு குனிய முடியாது. இறக்கிவிட ஆளில்லை. பின்னால் வருகிறவர்களைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டு, மூட்டையைப் பிடித்தபடி, தங்கச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்த சுமைக்காரி ராக்கம்மாள் ஏறி வந்து சேர்ந்து, இவள் அவளுக்கும் அவள் இவளுக்கும் கை கொடுத்து இறக்கி முடிப்பதற்குள் சுருளியின் கண் மேலே செருகிவிட்டது.

சேதி கேட்டு வந்த கோட்டைச்சாமி முதலில் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். “டின்னு தப்பிச்சிருக்குமா?” என்றார். பிறகுதான் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

இருட்டுவதற்குள் கீழே தூக்கிக்கொண்டு வர ஆள் கிடைக்கவில்லை. பாதைக்கு மேலேயே ஒரு சரிவில் குழி தோண்டி, வயிற்றுப் பிள்ளையோடு புதைத்தார்கள்.

அப்படிச் செத்தவள் செத்த பிறகும் சுமந்துகொண்டுதான் இருப்பாள் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. பிள்ளை இறங்கவில்லை, அதனால் பாரமும் இறங்காது. அவள் பேரில் வழியோரம் சுமைதாங்கி நட வேண்டும். போகிறவர் வருகிறவர் அதில் சுமையை இறக்கி வைத்து ‘அப்பாடா’ என்று விடுகிற ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இரண்டு கல் நிற்க வேண்டும், ஒரு கல் குறுக்கே படுக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் உருவம். மூஞ்சி கிடையாது, கை கிடையாது, பேர் கிடையாது. ஆனாலும் அது ஒரு பொம்பளை என்று வழியில் போகிற எல்லோருக்கும் தெரியும்.

நட்டால் மட்டும் போதாது. யாராவது இறக்க வேண்டும். இறக்காத சுமைதாங்கி வெறும் கல்.

பஞ்சம்மாள் கங்காணியிடம் கேட்டாள். ரிசர்வ் காட்டில் கல் உடைத்தால் பாரஸ்ட் கார்டு பிடித்துக்கொள்வான், கீழேயிருந்து கல்லை ஏற்ற ஆள் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். சுருளியின் புருஷன் கருத்தக்கண்ணன் தோட்டத்தில் ரம்பம் இழுக்கிறவன். அவனுக்கு மரம்தான் தெரியும்.

“கல்லு இல்லாட்டி என்ன மதினி, மரத்துல போட்டுர்றேன்.”

“மரத்துல எவரும் போட்டுப் பாத்ததில்லையேப்பா.”

“வேங்கையில போட்டா பேரன் காலத்துக்கும் நிக்கும். கரையான் அண்டாது.” பேரன் என்று சொன்னதும் அவன் வாய் மூடிக்கொண்டது.

தோட்டத்தில் விழுந்து கிடந்த வேங்கை ஒன்றைக் கேட்டு வாங்கி, தனி ஆளாக அறுத்து, தோளில் இறக்கிக்கொண்டு வந்து நட்டான். நல்ல கெட்டியான வேலை. யானை முட்டினாலும் சாயாது. அவன் உயரமான ஆள். தன் தலை மட்டத்துக்கு உத்திரத்தைப் போட்டான். சுமைக்காரிகள் அவன் நெஞ்சுக்குத்தான் வருவார்கள் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. இன்னொன்றும் தோன்றவில்லை. வேங்கையை வெட்டினால் சிவப்பாகப் பால் வடியும், காய்ந்தால் கறுத்த ரத்தம் போல ஒட்டிக்கொள்ளும். காட்டு வேலைக்காரனுக்கு அது தினம் பார்க்கிற சங்கதி, கண்ணில் படாது. உத்திரத்தின் அடியிலிருந்து கோடு கோடாக வடிந்து, கால் மரம் இரண்டிலும் இறங்கியிருந்தது.

தை மாசப் பனிக்குள்ளிருந்து பொம்பளைகள் வரிசையாக ஏறி வந்தார்கள். முன்னால் வந்த ராக்கம்மாள் மூட்டையோடு நின்றுவிட்டாள்.

“ஏ ஆத்தா! யாரைத் தொங்கவிட இது?”

“சுமைதாங்கிடி” என்றாள் பஞ்சம்மாள். “சுருளிக்கு வச்சது. இறக்கு.”

“சுமைதாங்கின்னா பாத்தாத் தெரிய வேணாமா? இது மதுரை செயிலுக்குள்ள இருக்கறது மாதிரியில்ல இருக்கு.”

“நீ போயிப் பாத்தியாக்கும்.”

“எங்க சின்னய்யா பாத்தாக. திரும்பி வந்து சொல்லத்தான் இல்ல.”

பின்னால் ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. ராக்கம்மாள் பாதையின் பள்ளத்து ஓரத்துக்கு ஒதுங்கி, உத்திரத்தைப் பார்க்காமல் தாண்டிப் போனாள். விழுந்தால் எலும்பு கிடைக்காத ஓரம் அது. ஆனாலும் எல்லோரும் அந்த ஓரத்திலேயே போனார்கள். பஞ்சம்மாள் மட்டும் அதனடியில் போய், கட்டைவிரலில் எக்கி, கழுத்தை முறுக்கி மூட்டையை உத்திரத்தின் மேல் தள்ளினாள். ‘அப்பாடா’ என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லித்தான் பார்த்தாள். மூச்சு வரவில்லை.

மாசி பிறந்தும் எவளும் அங்கே இறக்கவில்லை. சாயங்காலம் வெறுங்கையாக இறங்கும்போது, அதைத் தாண்டி வந்து திரும்பிப் பார்த்தால், மேற்கு வெளிச்சத்துக்கு எதிரே அது கறுப்பாக நிற்கும். பஞ்சம்மாள் தங்கச்சியைத் தேடிப் பார்ப்பாள். ஒரு நாள் அவளுக்கே அதில் ஒரு கயிறு தொங்குவது போலத் தெரிந்தது. அன்றிலிருந்து அவளும் ஓரமாகவே நடந்தாள்.

கோட்டைச்சாமி மாசத்துக்கு ஒரு தரம் மட்டக்குதிரையில் மெட்டுக்குப் போவார். அந்தத் தரம் வளைவு திரும்பியதும் குதிரையை இழுத்துப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். சுருளி விழுந்த இடம் அது என்பது அவருக்கும் தெரியும். கருத்தக்கண்ணனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

“யாருக்குலே இது?”

“எம் பொண்டாட்டிக்குங்க.”

“செத்தவளுக்கு எதுக்குலே தூக்குமரம்? உசுரோட இருக்கறவனுக்குல்லலே தூக்கு. எனக்கா?”

“சுமைதாங்கிங்க சாமி.”

“எந்த ஊர்லலே ரத்தம் ஒழுகுற சுமைதாங்கி இருக்கு?”

கருத்தக்கண்ணன் ரேகை வைத்தவன். அவன் சாதியில் பிறந்த ஆம்பளை எல்லோருக்கும் அப்போது குற்றப்பரம்பரைச் சட்டம். பெருவிரலைப் பதிந்து கொடுத்துவிட்டு, ராத்திரி ஆனால் டேசனில் போய்ப் படுக்க வேண்டும். தோட்டத்து வேலைக்கென்று சீட்டு வாங்கித்தான் மலையில் இருந்தான். அந்த மாதிரி ஆள் பாதையோரம் ஒரு மரத்தை நட்டால் அதற்கும் ஒரு செக்சன் இருக்கும். ஏட்டு வந்து கூட்டிப் போனார். திரும்பி வரும்போது வலது கை விரல்கள் மடங்கவில்லை. பூட்சுக் காலால் மிதித்தார்களாம். ரம்பத்தின் கைப்பிடியைப் பிடிக்க முடியாது என்று ஆனது. “அது சுமைதாங்கின்னு நான் சொல்லச் சொல்லச் சிரிச்சாக மதினி” என்றான்.

வேங்கையைப் பிடுங்கிக் கீழே கொண்டுவரச் சொன்னார் கோட்டைச்சாமி. நல்ல மரம், வீணாகக் கூடாது. கால் மரங்களையும் உத்திரத்தையும் இழைத்து, எண்ணெய் பூசி, கிட்டங்கி வாசலுக்கு நிலையாக வைத்துக்கொண்டார். அதே இரண்டு கால், அதே குறுக்கு. வாசலாக நின்றதும் அது யாருக்கும் தூக்குமரமாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அதற்கு மாவிலை கட்டினார்கள். தினம் விடிகாலையில் பஞ்சம்மாள் மூட்டையோடு அதற்கடியில்தான் வெளியே வந்தாள்.

உத்தமபாளையத்துக்குத் தெற்கே வேதக்காரர் ஊர் ஒன்றில் இருதயம் என்று ஒரு கல்தச்சர் இருந்தார். கல்லறைக்குக் குருசு அடித்துக் கொடுக்கிறவர். பஞ்சம்மாளும் கருத்தக்கண்ணனும் அவரைத் தேடிப் போனார்கள்.

“என்ன ஆத்தா, குருசா?”

“சுமைதாங்கிங்க.”

இருதயம் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “எங்களுக்கு ஒண்ணு நிக்கும், ஒண்ணு குறுக்க. ஒங்களுக்கு ரெண்டு நிக்கணும், ஒண்ணு குறுக்க. எங்காளும் செமந்துதான் செத்தாரு, போ.”

வேங்கை மரத்தின் கதையைக் கருத்தக்கண்ணன் சொன்னான். இருதயம் அவன் கையைப் பார்த்தார். “மரத்துல குறுக்க ஒண்ணு கிடந்தா மனுசனுக்குக் கயிறு ஞாபகம் வந்துரும்ப்பா. கல்லுல அது வராது. கல்லுல கயிறு கட்டித் தொங்குனவனை நான் பாத்ததில்ல” என்றார். பட்டறையோரம் கிணற்றுக்கென்று வெட்டி, ஆள் வாங்க வராமல் கிடந்த கருங்கல் பலகையைக் காட்டினார். “இதை எழைச்சுத் தந்துர்றேன். மூஞ்சி பாக்கலாம்.”

இழைத்து முடித்த ஒரு கல்லறைப் பலகை பக்கத்தில் கிடந்தது. பஞ்சம்மாள் உள்ளங்கையை வைத்தாள். கை வழுக்கிக்கொண்டு போயிற்று. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

“இது வேணாங்க. இதைத் தொட்டாக் கும்பிடத்தான் தோணுது. எவ மூட்டையை வைப்பா?”

“பின்ன?”

“மேல மட்டும் தட்டையாக்குங்க. மிச்சம் உளி கொத்துனபடியே கிடக்கட்டும். கை பட்டாக் கை நிக்கணும்.”

“சரி. உசரம்?”

பஞ்சம்மாள் தன் காதுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினாள். “இம்புட்டுத்தான் எந்தங்கச்சி.” இருதயம் ஒரு கரித்துண்டை எடுத்து அந்த உயரத்துக்குச் சுவரில் கோடு கிழித்தார். கோட்டைப் பார்த்ததும் கருத்தக்கண்ணன் வெளியே போய் நின்றுகொண்டான்.

கூலிக்குப் பதில் கோடை முழுக்க இருவரும் அவர் கல் உடைக்கிற பள்ளத்தில் கல் சுமந்தார்கள். கல் முடிந்ததும் பஞ்சம்மாள் திரும்பவும் கங்காணி முன்னால் போய் நின்றாள். அடி விழும் என்று நினைத்துத்தான் போனாள்.

“கல்லா?” என்றார் கோட்டைச்சாமி.

“கல்லுத்தான் சாமி.”

வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு யோசித்தார். “கல்லுன்னா புண்ணியம். நட்டுக்க” என்றார். கல்லை மேலே ஏற்றக் கயிறும் ஆட்களும் அவரே கொடுத்தார்.

“பூனை சைவமாயிருச்சாம்” என்றாள் ராக்கம்மாள். “எலியெல்லாம் வீட்டுல இருக்கான்னு எண்ணிப் பாருங்கடி.”

கல் ஏறிற்று. நிற்கிற கற்களின் தலையில் காடியாகப் பள்ளம் வெட்டி, குறுக்குக்கல்லை அதில் உட்கார வைத்தார்கள். பஞ்சம்மாள் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். குங்குமம் வைக்கவில்லை. பொட்டு வைத்தால் சாமி ஆகிவிடும். சாமியின் தலையில் எவளும் மூட்டையை வைக்கமாட்டாள்.

மறுநாள் முதலில் வந்தவள் மாயக்காள். தேவதானப்பட்டியிலிருந்து புதிதாக வாக்கப்பட்டு வந்த பிள்ளை. சுருளியைப் பார்த்ததே இல்லை. அங்கே கல் நட்டிருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை. வளைவு திரும்பினாள், கல்லைப் பார்த்தாள், நேராக அதனிடம் போனாள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, முதுகைத் திருப்பி, மூட்டையைச் சரித்துவிட்டாள். “அப்பாடா, ஆத்தா” என்றாள்.

பின்னால் வந்த பஞ்சம்மாளுக்குக் கழுத்து நரம்பில் ஏதோ விட்டது போல இருந்தது.

பிறகு எல்லோரும் இறக்கினார்கள். ஆம்பளைகள், ரொம்பக் குனிய வேண்டியிருக்கிறது, எவனோ அளவு தெரியாதவன் வைத்திருக்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார்கள். மெட்டிலிருந்து இறங்கி வந்த தோட்டத்தில் கணக்கு எழுதுகிற மலையாளத்து ரைட்டர், தங்கள் ஊர்ப் பேரில் அதை ‘அத்தாணி’ என்று சொல்லி, குடையை அதன் மேல் வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். ராக்கம்மாள் ஒரு நாள் மூட்டையை இறக்கிவிட்டு, பாதைக்கு எதிர்ப்பக்கம் குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏ பஞ்சு, நடுவுல வெத்தெடம் இருக்கு பாரு. அதாண்டி அவ வகுறு.”

“வெத்தெடம் எப்படிடி வகுறாகும்?”

“இறங்கிருச்சுல்ல. அதான் வெத்தா இருக்கு.”

பஞ்சம்மாள் பார்த்தாள். இரண்டு கல்லுக்கும் நடுவே அந்தப் பக்கத்துப் பள்ளமும், பள்ளத்துக்கு அப்பால் வெயிலில் கிடக்கிற கம்பம் பள்ளத்தாக்கும் தெரிந்தன. அவளுக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்காமல் சும்மாட்டுத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

கருத்தக்கண்ணன் மட்டும் அதில் எதையும் இறக்கியதில்லை. மடங்காத கையால் சுமக்க அவனிடம் எதுவும் இல்லை. ஒரு நாள் வந்து, அந்தக் கையைக் குறுக்குக்கல்லின் மேல் வைத்துக்கொண்டு நின்றான். “சில்லுன்னு இருக்கு மதினி” என்றான்.

ஆடி பிறந்தது. ஒரு விடிகாலை, அரிசி மூட்டையின் மேல் ஒரு உப்புப் பொட்டலம் கட்டியிருந்தது. பொட்டலம் என்றால் கையடக்கம் இல்லை. ஒரு வயசுப் பிள்ளையின் கனம்.

“கங்காணியாரே, மூட்டை மேல குட்டி போட்டிருக்கு!” என்றாள் ராக்கம்மாள்.

கோட்டைச்சாமியும் சிரித்தார். “முன்னயெல்லாம் ஒரே ஏத்தமாப் போனீக. இப்பத்தான் பாதியில சுமைதாங்கி இருக்குல்ல. அங்கன இறக்கி மூச்சு வாங்கிட்டு, மிச்சத்தை ஏறுங்க. அப்பப் பொதி கூடத்தானே செய்யும்?”

வளைவில் நின்ற இரண்டு ஆட்களையும் அன்றைக்கே அவர் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். பொம்பளைகள் அந்தக் கல்லில் சுருளியைப் பார்த்தார்கள். ரைட்டர் நிழல் இல்லாத ஒரு மேசையைப் பார்த்தார். கோட்டைச்சாமி இரண்டு கூலியாட்களைப் பார்த்தார். சோறு கேட்காத, தேன் எடுக்கப் போகாத ஆட்கள். கயிறும் ஆளும் கொடுத்தது அதற்குத்தான்.

ஐப்பசி மழையில் பாதை வழுக்க ஆரம்பித்தபோது மாயக்காளுக்கு வயிறு தெரிந்தது. கல்லில் மூட்டையைச் சாய்த்துவிட்டு, நிற்கிற கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். ஒரு நாள் பஞ்சம்மாளின் காதோரம் வந்து, “அக்கா, நேத்துலேருந்து லேசாப் படுது” என்றாள். ரத்தத்தைச் சொன்னாள்.

அன்று சாயங்காலமே பஞ்சம்மாள் கிட்டங்கிக்குப் போனாள்.

“மாயக்காளுக்கு அந்த உப்பை மட்டுமாவது எடுத்துருங்க சாமி. புள்ளத்தாச்சி.”

கோட்டைச்சாமி நெல் தரகனோடு பேசிக்கொண்டிருந்தார். திரும்பி, கோபம் இல்லாமல்தான் சொன்னார். “பாதியில போயி இறக்கத்தானேம்மா போறா? ஒந்தங்கச்சி தாங்குவா. அதுக்குத்தானே நட்டுருக்க.”

கேலி செய்யவில்லை. தெரிந்த ஒன்றை ஞாபகப்படுத்துகிற மாதிரி சொல்லிவிட்டு, தரகன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் வளைவு திரும்பியபோது பஞ்சம்மாளுக்கு முன்னால் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். குறுக்குக்கல்லின் மேல் மூட்டை, மூட்டையின் மேல் உப்பு. ஒருத்தி எடுத்ததும் அடுத்தவள் வைத்தாள். அவள் எடுக்கும் முன்னாலேயே இன்னொருத்தி ஓரத்தில் இடித்து வைத்தாள். தன் முறை வரும்வரை பஞ்சம்மாள் தலைச்சுமையோடு நின்று அதைப் பார்த்தாள். அதே உருவம்தான். அதே இரண்டு கால், அதே குறுக்கு, உளி கொத்திய அதே கல். ஆனால் ராக்கம்மாள் காட்டிய வெற்றிடம் இப்போது கண்ணுக்கு அகப்படவில்லை. காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, தலை நிறைய மூட்டையோடு, நகர முடியாமல், தங்கச்சி நின்றாள். மழையில் நனைந்துகொண்டு நின்றாள். இறக்கிவிட அவளுக்கு ஆளில்லை. இவள் முன்னொரு நாள் இதே வளைவில் நின்றாளே, அதே மாதிரி.

பஞ்சம்மாள் அன்று மூட்டையை அந்தக் கல்லில் வைக்கவில்லை. அப்படியே மெட்டு வரைக்கும் ஏறினாள். மெட்டில் இறக்கியபோது மூக்கிலிருந்து ரத்தம் வந்தது.

அடுத்த நாள் பொதிக்குப் போகாமல், எல்லோருக்கும் முன்னால், கருத்தக்கண்ணனைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினாள். அவன் தோளில் கடப்பாரை.

“நட்டதைப் பிடுங்குனாப் பாவம்பாக மதினி.”

“சொமக்கிறவ தலையிலேருந்து இறக்கி விடுறது பாவமாப்பா?”

அவன் கல்லருகே போனான். பிறகு இடது கையால் கடப்பாரையைக் காடிக்குள் செலுத்தி, மடங்காத வலது கையை அதன் மேல் வைத்து அமுக்கினான். “எப்படியும் என்னையத்தான் பிடிப்பாக” என்றான்.

“கல்லு விழுந்ததும் நீ போயிரு.”

“எங்கன போறது? எங்கன போனாலும் ராத்திரிக்கு வந்து நிக்கச் சொல்வாகல்ல.”

பஞ்சம்மாள் தோளைக் கொடுத்து முட்டினாள். குறுக்குக்கல் காடியை விட்டு எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து, பாதையின் விளிம்பில் மோதி இரண்டாக உடைந்தது. ஒரு துண்டு பள்ளத்துக்குள் போயிற்று. டின் போன சத்தத்தைவிட அது வெகுநேரம் கேட்டது. மற்றொரு துண்டு பாதையோரப் புல்லில் கிடந்தது. நின்ற கல் இரண்டும் தலையில் ஒன்றுமில்லாமல் நின்றன.

வெளிச்சம் வந்ததும் வரிசை ஏறி வந்தது. முன்னால் ராக்கம்மாள். கல்லைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது.

“அடி பாதகத்தி! எங்கனடி இறக்குறது இப்ப?”

“எங்கைல இறக்கு” என்று பஞ்சம்மாள் எதிரே வந்து நின்றாள்.

ராக்கம்மாளின் மூட்டையை இறக்கினாள். மாயக்காளின் மூட்டையை இறக்கினாள். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருத்தியாக அவளிடம் வந்து குனிந்தார்கள், திட்டிக்கொண்டே குனிந்தார்கள். பாதை நெடுக மூட்டைகள் உட்கார்ந்தன. ராக்கம்மாள் மூச்சு வாங்கி முடித்ததும், சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தன் மூட்டைக்கு முன்னால் குந்தினாள்.

“ம். ஏத்து.”

பஞ்சம்மாள் கையை நீட்டவில்லை. “இறக்கி விடத்தான் நான் வந்தேன். ஏத்தி விட வரல.”

“வெளாடுறியா? கங்காணி தோலை உரிச்சுருவான்.”

“உரிப்பான்.”

“கூலி போயிரும்டி.”

“போகும்.”

ராக்கம்மாள் அவளைப் பார்த்தாள். நிற்கிற கல் இரண்டையும் பார்த்தாள். உப்புப் பொட்டலத்தைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். பிறகு தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து மூட்டையின் மேல் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “குட்டி போட்டது கிடக்கட்டும்” என்றாள்.

வரிசையில் சில பேர் ஒருத்திக்கொருத்தி கை கொடுத்து ஏற்றிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மேலே போனார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பஞ்சம்மாள் அவர்களை மறிக்கவில்லை. மிச்சம் இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மாயக்காள் நிற்கிற கல்லில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். அவள் சேலையின் பின்பக்கம் நனைந்திருந்தது. அது மழையா மற்றதா என்று பஞ்சம்மாள் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த தன் சும்மாட்டுத் துணியை உருவி மடித்து அவளுக்குக் கொடுத்தாள்.

கீழே மட்டக்குதிரையின் சலங்கை கேட்டது.

“வர்றான்” என்றாள் ராக்கம்மாள்.

கருத்தக்கண்ணன் கடப்பாரையைப் பாறையில் சாத்தினான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, டேசனுக்குப் போகத் தயாராகப் பாதையின் நடுவில் வந்து நின்றான்.

உட்கார்ந்தவர்களில் எவளும் எழுந்திருக்கவில்லை. எவளும் இனி எவளுக்கும் கை கொடுக்கப் போவதில்லை. அந்த மூட்டைகள் மேலே போய்ச் சேர வேண்டுமானால் கோட்டைச்சாமிதான் குதிரையை விட்டு இறங்கி, மண்ணில் கால் வைத்துக் குனிய வேண்டும்.